கழித்துப் பார்க்க வேண்டிய சூடு

சித்திரை பிறந்து வெயில் ஏற ஆரம்பித்தால் எனக்கு ஒரே மாதிரியான போன்கள் வரும். பாளையங்கோட்டையில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறவர், திசையன்விளைப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பையன், வள்ளியூரில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற என் அக்கா மகன், யாராக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான், கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் காட்டுகிற சூட்டைப் பற்றி: "எழுபதைத் தாண்டிட்டு, ஒண்ணும் ஆயிராதுல்லா?" நான் கணினி விற்கிறவன் இல்லை, சர்வீஸ் கடையும் வைத்திருக்கவில்லை. சொந்தபந்தத்தில் பல பேருக்கு உதிரிபாகம் வாங்கி மெஷின் பூட்டிக் கொடுத்த வகையில் கேள்விகள் இங்கே வந்து சேர்கின்றன. பதில் சொல்லிச் சொல்லி ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. எழுபது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எத்தனை டிகிரி அறையில் எழுபது என்று ஒருவரும் சொல்வதில்லை.

இந்த எழுபது எப்படி வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. பழைய டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு இன்டெல் வெளியிட்ட விவரக் குறிப்புகளில் 'டி-கேஸ்' என்று ஒரு வரம்பு இருக்கும். நான்காம் தலைமுறை ஐ5-4590க்கு அது 72.72 டிகிரி. பிராசசரின் தலையில் இருக்கிற வெள்ளி நிறத் தகட்டின் நடுவில் அளக்க வேண்டிய சூடு அது. நாம் சாஃப்ட்வேரில் பார்ப்பது அதுவல்ல. தகட்டுக்குக் கீழே, சிலிக்கானுக்குள்ளேயே இருக்கும் சென்சார் காட்டும் சூடு. வேலை நடக்கும்போது அது தகட்டைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். தகட்டுக்குச் சொன்ன வரம்பைத் தூக்கி உள் சென்சாருக்கு வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் பிராசசர்கள் மாறின, குறிப்புகளும் மாறின. எழுபது மட்டும் கடைக்குக் கடை, வாய்க்கு வாய் இன்னும் நடமாடுகிறது.

இன்றைய நிலவரம் வேறு. இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் பெரும்பாலானவற்றுக்கு உள் சென்சார் வரம்பு 100 டிகிரி. இன்டெல்லுக்குப் போட்டி நிறுவனமான ஏஎம்டியில் ரைசன் 7000 வரிசைக்குப் பொதுவாக 95, அதிலேயே 7800எக்ஸ்3டிக்கு 89. ரைசன் 7000 வரிசை 2022-இல் வந்தபோது, கடும் வேலையில் 95-இலேயே நின்று ஓடுவது எங்கள் வடிவமைப்புதான் என்று ஏஎம்டியே சொன்னது. எழுபதை நம்புகிறவர் அதைக் கேட்டால் அந்த பிராசசரை வாங்கவே மாட்டார். இன்டெல்லில் இன்னொரு விஷயம்: அந்த சென்சார் சூட்டை நேராகச் சொல்வதில்லை, வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்கிறது. கோர் டெம்ப் போன்ற சாஃப்ட்வேர்கள் அதை வரம்பிலிருந்து கழித்து நமக்கு ஓர் எண்ணாகக் காட்டுகின்றன. வரம்பை நெருங்க நெருங்கத்தான் அது துல்லியம். சும்மா இருக்கும்போது ஒரு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளில் ஒன்று) 34, பக்கத்துக் கோர் 39 என்று காட்டுவதைப் பார்த்துப் பதறுவதில் அர்த்தம் இல்லை.

கருகின காலம்

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் தளம் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில், பிராசசரின் சூட்டைத் தணிக்கிற கூலரைக் கழற்றிவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். ஏஎம்டியின் அத்லான் புகைந்து செத்தது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் தொழில் பழகிய மெக்கானிக் அண்ணாச்சிகள் பிராசசர் கருகியதைக் கண்ணால் பார்த்தவர்கள், மூக்கால் முகர்ந்தவர்கள். அவர்கள் எச்சரிக்கையாகப் பேசுவது நியாயம்தான்.

இப்போதைய பிராசசர் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். வரம்பைத் தொட்டதும் வேகத்தையும் வோல்டேஜையும் இறக்கும். அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால் மெஷினையே அணைத்துவிடும். ஆகவே "வெடிச்சிருமா" என்ற கேள்விக்கு "இல்லை" என்பதோடு பேச்சு முடிந்தது. கேட்க வேண்டியது இரண்டே: வேகம் குறைகிறதா? போன மாதம் இதே வேலைக்கு இருந்த சூட்டைவிட இப்போது கூடியிருக்கிறதா? முதலாவதை ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்கிற சாஃப்ட்வேரைத் திறந்து வைத்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவதில்தான் நம்மூர் வெயில் வந்து குழப்புகிறது.

எண்பத்தாறு

அக்கா மகனின் போன் ஒரு வைகாசியில் வந்தது. "மாமா, எக்ஸ்போர்ட் போட்டா எண்பத்தாறு காட்டுது. கடையில கேட்டேன், தண்ணி கூலர் போட்டாத்தான் தாங்கும்னு சொல்லுதாரு. என்ன செய்ய?" எடிட் செய்த வீடியோவை ஒரே ஃபைலாக வெளியே எடுப்பதைத்தான் எக்ஸ்போர்ட் என்கிறான். கடைக்காரர் சொன்ன விலை அவன் இரண்டு கல்யாணத்துக்கு ஆல்பம் போட்டுக் கொடுத்தால் மிஞ்சுகிற காசு. நேரில் வருகிறேன், அதுவரை வாங்காதே என்று சொன்னேன்.

போய்ப் பார்த்தால் கேபினெட் கம்ப்யூட்டர் டேபிளின் பெட்டிக்குள் இருந்தது. மரக்கடைகளில் விற்கிற அந்த டேபிளைத் தெரியாதவர்கள் இல்லை: ஒரு பக்கம் சிபியு வைக்க மூன்று பக்கமும் அடைத்த பொந்து, பின்னால் சுவர். போதாக்குறைக்கு அக்கா தைத்துப் போட்ட சுருக்கு வைத்த துணி உறை வேறு, மெஷின் ஓடும்போது பாதி தூக்கிவிட்டபடி. மெஷின் உள்ளே துப்புகிற சூட்டையே மறுபடி மறுபடி இழுத்துக் குடித்துக்கொண்டிருந்தது. மீன் தொட்டிக்கு விற்கிறார்களே, ஒயர் நுனியில் சென்சார் வைத்த மலிவான டிஜிட்டல் தெர்மாமீட்டர், அதை எடுத்துப் போயிருந்தேன். அறையில் 37. ஒயர் நுனியைக் கேபினெட்டின் முன்வாயில் வைத்தால் 41.

ஃபேன் வைத்த கூலரோ, தண்ணீர் கூலரோ, எதுவும் தான் இழுக்கும் காற்றைவிடக் குளிர்ச்சியாக பிராசசரை ஆக்க முடியாது. கூலர் செய்வதெல்லாம் பிராசசரின் சூட்டைக் காற்றில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. எவ்வளவு நன்றாகச் சேர்க்கிறது என்பதை வாட்டுக்கு இத்தனை டிகிரி என்று அளக்கலாம். 75 வாட் இழுக்கும் பிராசசரில் ஒரு கூலர் வாட்டுக்கு 0.6 டிகிரி என்று நின்றால், காற்றைவிட 45 டிகிரி மேலே இருக்கும். காற்று 22 என்றால் 67. காற்று 37 என்றால் 82. இரண்டும் ஒரே ஆரோக்கியத்தில் இருக்கும் மெஷின்தான். சந்தைக்குப் போய் வந்தவனிடம் கையில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்டால் லாபம் தெரியுமா? கொண்டுபோனது எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். ஐரோப்பாவில் குளிர் அறையில் உட்கார்ந்து யூடியூப் போடுகிறவரின் 67-ஐயும் வள்ளியூர் மாடியறையின் 82-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அந்தக் கடைக்காரர் தண்ணீர் கூலர் விற்கப் பார்த்தார்.

கேபினெட்டை டேபிளை விட்டு வெளியே எடுத்து, தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் ஏற்றி, சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம் விட்டோம். முன்வாயில் காற்று 37-க்கு வந்தது. பிராசசர் 82. நாலு டிகிரியும் சொல்லி வைத்தாற்போல அப்படியே இறங்கியது. செலவு பூஜ்யம்.

கிளம்பும்போது ஒரு வேலை கொடுத்துவிட்டு வந்தேன். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கிற, மெஷினின் அடிப்படை செட்டிங்) ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொள், ஒரே புராஜெக்டை எக்ஸ்போர்ட் போடு, கொஞ்ச நேரம் ஓடி எண் நிலைத்த பிறகு காற்று எவ்வளவு, பிராசசர் எவ்வளவு என்று இரண்டையும் எழுது. ஃபேனை முழு வேகத்தில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தானாக ஓட விட்டால் சூட்டுக்குத் தக்கபடி வேகத்தை மாற்றிக்கொள்ளும், ஒப்பிட முடியாது. ஆர்டர் எழுதும் டைரியின் கடைசிப் பக்கத்தில் அவன் எழுதி வைத்தான். காலையில் 32-க்கு 77. மத்தியானம் 37-க்கு 82. ராத்திரி, பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடி சூட்டை உள்ளே விடும் நேரத்தில், 35-க்கு 80. கழித்தால் எல்லாம் 45. ஒன்றிரண்டு தடவை 44, 46.

ஆடியில் வந்த அதே எண்

ஆடி மாதம் அவனே கூப்பிட்டான். குரலில் ஒரு நிம்மதி. "மாமா, இன்னைக்கும் எண்பத்திரண்டுதான். வைகாசியில இருந்த அதே எண்பத்திரண்டு. ஏறவே இல்லை."

"காத்து எவ்வளவுலே?"

டைரியைப் புரட்டும் சத்தம். "முப்பத்தொண்ணு."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவனும் மனதுக்குள் கழித்துவிட்டான் என்று தெரிந்தது. 51. பிராசசரின் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் வைகாசி போலத்தான் இருக்கிறது என்று சொல்லி மூடிவைத்திருப்போம். வெளியே வெயில் தணிந்து ஆறு டிகிரி குறைந்திருக்கிறது, உள்ளே ஏதோ கெட்டு அந்த ஆறு டிகிரியைத் தின்றுவிட்டது. வெயில் தணிந்ததே கோளாறுக்குத் திரை போட்டுவிட்டது. எனக்கு இந்த விஷயத்தில் நெடுநாளாக இருந்த உறுத்தல் அந்த போனில்தான் தீர்ந்தது. சித்திரை வைகாசியில் எண் பெரிதாக இருக்கிறது என்று எல்லாரும் பயப்படுகிறோம். மெஷின் உண்மையில் மூச்சு முட்டுவது ஆனி ஆடியில், எண் நன்றாக இருக்கிறது என்று நாம் திரும்பிக்கூடப் பார்க்காத மாதத்தில்.

பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் இருக்கிறவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று நுழைந்து வரும் காலம் அது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, வழியில் இருக்கும் செம்மண் புழுதியையும் அள்ளிக்கொண்டு வரும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரல். நமக்கு வெறும் காற்றும் மண்ணும். மேற்கு ஜன்னலைச் சாத்தினாலும் தரையில் விரலால் பெயர் எழுதலாம். ஸ்டூடியோவில் கேமராவையும் லென்ஸையும் டப்பாவில் போட்டு சிலிக்கா ஜெல் வைத்துப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறார்கள். நாள் பூராவும் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும் பெட்டி மட்டும் திறந்து கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பிரித்தோம். மேலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஃபேனைக் கழற்றினால் அடியில், கூலரின் அலுமினியச் சீப்புக்கு மேலே, ஒரு கம்பளி போலப் படிந்து கிடந்தது: செம்மண், பஞ்சு, தலைமுடி, பேக்ட்ராப் துணியின் நூல். பெயிண்ட் பிரஷ்ஷால் தளர்த்தி, வாசலில் வைத்து புளோயர் அடித்தோம். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது தன் அளவுக்கு மேல் சுற்றினால் பேரிங் கெடும், மோட்டார் திரும்ப மின்சாரம் உண்டாக்கி போர்டுக்கு அனுப்பவும் கூடும். சர்வீஸ் செய்கிற பையன்கள் அந்த விர்ர் சத்தத்துக்காகவே சுற்ற விடுவார்கள், பார்த்திருக்கிறேன்.

சுத்தம் செய்ததில் 51 என்பது 46 ஆனது. பிரித்ததுதான் பிரித்தோம் என்று கூலரையும் தூக்கினோம். நாலு மூலையிலும் பிளாஸ்டிக் பின்னை அமுக்கி மாட்டுகிற ரகம். அதில் ஒன்று போர்டுக்கு மறுபக்கம் விரியவே இல்லை. கடையில் மாட்டிக் கொடுத்த நாளிலிருந்தே மூன்று காலில்தான் நின்றிருக்கிறது. பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவில் தடவுகிற பேஸ்ட் ஒரு மூலையில் தடித்து, எதிர் மூலையில் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, புதுப் பேஸ்ட் பட்டாணி அளவு நடுவில் வைத்து, நாலு பின்னும் போர்டின் பின்பக்கம் விரிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே மூடினோம். 42. பேஸ்ட்டில் எந்தக் கம்பெனி உசத்தி என்று ஆளுக்கு ஒரு சண்டை நடக்கும். பின் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் அந்தச் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

வாட்டிலிருந்து குறைப்பது

மிச்சம் ஒரு வழி பயாஸில் இருந்தது. அவனுடையது ஐ5-12400. அட்டைப்பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும்; உச்சத்தில் 117 வாட் வரை இன்டெல்லே அனுமதிக்கிறது. பல மதர்போர்டுகள் அந்த உச்சத்தையே நிரந்தரமாகத் திறந்துவிட்டு வருகின்றன. விமர்சனங்களில் ரெண்டு புள்ளி கூடுதலாக வாங்கத்தான். பிராசசர் இழுக்கும் மின்சாரம் வேகத்தைப் பொறுத்து நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தும் ஏறும். கடைசிக் கொஞ்சம் வேகத்துக்காக வோல்டேஜைக் கூட்டும்போதுதான் சூடு எகிறுகிறது. அதனால் அந்த நுனியை மட்டும் வெட்டினால் வேகத்தில் இழப்பு கொஞ்சம்தான், சூட்டில் லாபம் நிறைய. நீண்ட நேர வரம்பை 65 வாட்டில் நிறுத்தினோம். வித்தியாசம் 36-க்கு வந்தது. எக்ஸ்போர்ட் முடிய ஒரு டீ குடிக்கிற நேரம்கூடக் கூடவில்லை. பயாஸ் பயமாக இருப்பவர்கள் விண்டோஸ் பவர் செட்டிங்கில் பிராசசரின் அதிகபட்ச நிலையை 99 சதவீதம் என்று வைத்தால் டர்போ, அதாவது பிராசசர் தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்வது, நின்றுவிடும். கொஞ்சம் முரட்டு வழி, ஆனால் லேப்டாப்பில் சித்திரை மாதத்துக்குப் போதும். ரைசன் வைத்திருப்பவர்களுக்கு வாட்டைக் குறைக்க ஈகோ மோட் இருக்கிறது.

தண்ணீர் கூலர் வாங்கவில்லை. 250 வாட் இழுக்கிற ஐ9 வைத்திருப்பவருக்கு அது தேவைப்படலாம். இந்த பிராசசருக்கு அது வீண். கேபினெட் விஷயத்திலும் கடைகள் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு, காற்று நுழைய ஓரத்தில் இரண்டு விரல் சந்து: இந்தப் பெட்டியை 40 டிகிரி அடிக்கிற ஊரில் 'கேமிங் கேபினெட்' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். முன்பக்கம் சல்லடைத் தகடு வைத்த மலிவுப் பெட்டி அதைவிட எவ்வளவோ மேல். பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பது நம் எல்லார் வீட்டிலும் நடப்பது. அன்றைக்குச் சூடு குறையத்தான் செய்யும். ஆடியில் அதைச் செய்தால் ஒரு வருஷத்து மண் ஒரு மாதத்தில் ஏறிவிடும். ஏர் கூலர் வைத்திருப்பவர்கள் அறையைக் குளிர்விக்க ஓட்டலாம், மெஷின் மேல் நேராகத் திருப்ப வேண்டாம். நம் பக்கத்து உப்புத் தண்ணீரின் ஈரம் போர்டில் படிவது நல்லதில்லை.

சூட்டால் உண்மையிலேயே ஆயுள் குறைகிற சாமான்கள் சத்தமில்லாமல் வேறு பக்கம் இருக்கின்றன. பவர் சப்ளையிலும் போர்டிலும் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பொதுக் கணக்கு. யுபிஎஸ் பேட்டரிக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான், அதுவும் 25 டிகிரியிலிருந்தே. டேபிளின் அந்தப் பொந்தில் சிபியு இருந்த இடத்தில் இப்போது யுபிஎஸ்ஸை வைத்திருந்தான் மருமகன். அதையும் வெளியே எடுக்கச் சொன்னேன். பிராசசர் எண் காட்டுவதால் அதைப் பற்றிப் பேசுகிறோம், பேட்டரிக்கு எண் இல்லாததால் அது உப்பும் வரை யாரும் பார்ப்பதில்லை.

இந்த வருஷம் அவன் ஒரு புது வேலை செய்திருக்கிறான். கொசுவலையை அளவாக வெட்டி, காந்தப் பட்டை ஒட்டி, கேபினெட்டின் முன்வாயில் மாட்டியிருக்கிறான். மண் கம்பளி போல வலையிலேயே நின்றுவிடுகிறது, தட்டிவிட்டால் போதும். ஆனால் வலை காற்றையும் கொஞ்சம் மறிக்கிறது, வித்தியாசம் 38 ஆகிவிட்டது. ரெண்டு டிகிரி கொடுத்து ஆறு டிகிரியைக் காப்பது லாபம் என்பது என் கட்சி. வைகாசியில் அந்த ரெண்டு டிகிரி எதற்கு வீணாகக் கொடுக்க வேண்டும் என்பது அவன் கட்சி. கடைசியில், மேல்காற்று எழும்பியதும் மாட்டுவது, ஐப்பசி மழை பிடித்ததும் கழற்றுவது என்று பேசி முடித்திருக்கிறோம்.